சுவரில் விழுந்த கோபுரம்

ஹவுன்ஸ்லோ
12.10.1986

அன்பின் தவநாயகிக்கு,

நான் சுகம். உமக்கு இருமல் நின்றுவிட்டதா?

என்னோடு வேலைசெய்யும் பீட்டர் விடுமுறைக்கு இலங்கை போய்வந்தான். ஒரே நாளில் கோயில், நீர்வீழ்ச்சி, சந்தை எல்லாம் சுற்றியிருக்கிறான். நேற்று ஸ்லைட் படங்களை வீட்டுச் சுவரில் போட்டுக் காட்டினான். மாத்தளைக் கோபுரம் வந்ததும் என்னையறியாமல் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன்.

"எட, இது வெள்ளைக்காரன்ர சுவரடாப்பா!" என்று கூடவந்த யோகலிங்கம் அண்ணை சிரித்தார்.

நீர்வீழ்ச்சியை நான் இதுவரை பார்த்ததேயில்லை. கண்டிச் சந்தையில் மரக்கறி வாங்கிய ஒருத்தியின் முதுகு அப்படியே உம்முடையது. திரும்பிப் பார்ப்பாள் என்பதுபோல அந்தப் படத்தை மூன்று தரம் போடச்சொன்னேன்.

ஷிப்டுக்கு நேரமாகிறது. ஒரு படம் எடுத்து அனுப்பும். இந்தப் பக்கம் பார்த்து நில்லும்.

உமது
அம்பலவாணன்