அசனப் பானையில் பிடியரிசிக் கஞ்சி

அன்புள்ள அக்கா,

இன்று காலை உலை வைக்கும்போது என் கை வழக்கம்போல ஒரு பிடி அரிசியை அள்ளித் தனியே தகரத்தில் போட்டது. இத்தனை நாளும் அதை வாங்கிப் போக யாரும் வரவில்லை. தகரம் நிரம்பினால் நானே திரும்ப அரிசிப் பானையில் கொட்டிவந்தேன். நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உள்ளே ஏதோ மரத்துப்போய்க் கிடக்கிறது, அவ்வளவுதான்.

கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராயபுரத்துக்கு வந்த புதிதில் எனக்கு இங்கே எதுவும் பிடிபடவில்லை. சபைப் பெண்கள் என் அம்மாவைப் போலவே உலைக்கு முன் ஆண்டவருக்கென்று ஒரு பிடி எடுத்து வைப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அதை வீடுவீடாக வாங்கி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சேர்ப்பது உங்கள் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் கூடையோடு வந்து நிற்பீர்கள். "இன்னா தங்கச்சி, கல்லு பொறுக்குனியா, கர்த்தரு பொறுத்துப்பாருன்னு அப்டியே போட்டுட்டியா?" என்பீர்கள். ரேஷன் அரிசியில் பாதி கல்தான். ஆராதனை முடிந்ததும் அந்த அரிசியை வாசலில் ஏலம் விடுவார்கள். பணம் மணிக்கூண்டு கட்டப் போகும். எனக்கும் அந்த மணிக்கூண்டின் மேல் கொள்ளை ஆசை. ஹார்பர் சங்குக்கு மேலே நம் மணி கேட்க வேண்டும் என்று பேசிக்கொள்வோம்.

ஓர் ஐப்பசியில் கடல் பக்கத்து மீனவர் குப்பத்துக்குள் புகுந்து முன்வரிசைக் குடிசைகளை இழுத்துக்கொண்டு போனது. மறுநாள் ஞாயிறு. பிரசங்கத்தின் நடுவே ஜன்னல் வழியாகப் புகை வந்தது. எட்டிப் பார்த்தேன். சபையார் கூடி உண்ணும் அசனத்துக்காக வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் வெளியே வரும் பெரிய பானையை நீங்கள் மூன்று கல்லின் மேல் ஏற்றியிருந்தீர்கள். அந்த வாரத்துப் பிடியரிசி முழுவதும் அதில் கொதித்துக்கொண்டிருந்தது. குப்பத்துப் பெண்கள் ஈரச் சேலையோடு கோயில் முகப்பில் ஒண்டியிருந்தார்கள். நான் எழுந்து வெளியே வந்து அகப்பையை எடுத்தேன்.

கமிட்டிப் பெரியவர் பின்னாலேயே வந்தார். "இது காணிக்கை அரிசியம்மா. யாரைக் கேட்டு உலையில போட்டீங்க?"

நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொயந்தைங்க நனைஞ்சிகினு கீதுங்க ஐயா. ஊத்திட்டு அப்பால பேசலாம்."

பேசினார்கள். காணிக்கையில் கை வைத்தது குற்றமாம். சபை முன்னால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கும்வரை உங்களுக்கு இராப்போஜனம் கிடையாது என்று முடிவானது. அகப்பை பிடித்த என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, கடைக்காரர் சம்சாரமல்லவா. அந்தக் கோபம் ஒன்றுதான் எனக்குள் இன்னும் சூடாக இருக்கிறது. மற்றவர்கள் அந்தத் திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் வாங்க எழுந்து போகும்போது நீங்கள் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். "கேட்டுத்தான் தொலைங்களேன் அக்கா" என்று நான் கெஞ்சினேன். "பசிக்கு ஊத்துனதுக்கு மன்னாப்பு கேக்கச் சொல்றியா? போ தங்கச்சி. கர்த்தராண்ட நான் தெனம் பேசிகினுதான் கீறேன்" என்றீர்கள்.

அப்புறம் வந்த காய்ச்சல் உங்களை எழவிடவில்லை. சபைக் குருவான ஐயர் வந்தார், அடக்க ஜெபத்தைச் சுருக்கமாக வாசித்தார். மணிக்கூண்டு அதற்குள் கட்டி முடிந்திருந்தது. விலக்கி வைக்கப்பட்டவர்களுக்குச் சாவு மணி அடிக்கும் வழக்கமில்லை என்று கமிட்டி சொல்லிவிட்டது. பெட்டியைக் குப்பத்து ஆட்கள்தான் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். ஒரு மீன்காரம்மா என் பக்கத்தில் நடந்துகொண்டே, "இன்னாக்கா, அம்மாம் பெரிய மணி கட்டி வச்சிகீறாங்களே, அடிக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒருமுறை அப்பம் வாங்கினேன். அன்று வாயில் வெறும் மாவாக இருந்தது. ஜெபம் பண்ணுகிறேன், வார்த்தைகள் வருகின்றன, கேட்பவர் இருக்கிறாரா என்றுதான் தெரியவில்லை. கோயில் எதற்கு என்று யாராவது கேட்டால் முன்பு மளமளவென்று வசனம் சொல்லியிருப்பேன். இப்போது, மழைக்கு நாலு பேர் ஒதுங்க இடமுள்ள கட்டடம் என்பதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. அதுவும் சின்னக் காரியமில்லை என்று படுகிறது.

போன வாரம் ஐயர் வீட்டுக்கு வந்தார். உங்கள் கூடையை நான் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். "எடுத்துக்கிறேன் ஐயா. ஆனா அரிசி ஏலத்துக்கு வராது, குப்பத்துக்குப் போகும்" என்றேன். அவர் மறுக்கவில்லை. "இப்பல்லாம் நீங்க இராப்போஜனத்துக்கு எழுந்து வர்றதில்லையே. விசுவாசம் போயிட்டுதாம்மா?" என்று கேட்டார்.

"தெரியலை ஐயா. அக்காவை எழுப்பிவிட்ட பந்தியில எனக்கு இறங்க மாட்டேங்குது."

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன் அக்கா. எல்லாரும் எழுந்து முன்னே போகும்போது, நான் உங்களோடு உட்கார்ந்திருக்கிறேன்.