நான் ஊற்றிய மழை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் சுகம், அப்பாவின் முட்டிவலி அவரைவிடச் சுகம். நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது, இப்போது நம் வீட்டுச் சுவரில் எங்கெங்கே விரிசல் என்று தினமும் வந்து சொல்கிறாள். போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை கண்ணு.

செவ்வாய்க்கிழமை டிப்போவில் சாப்பாட்டு நேரத்தில் உன் பாட்டு வீடியோவைப் பார்த்தார்கள். என்னோடு பஸ் கழுவுகிறவர்கள் எல்லோரும் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டிருந்தார்கள். இது நம்ம பஸ்ஸுடீ என்று ஒருத்தி கத்தினாள், மறுபடி மழை நாளாப் பாத்து வந்து எடுத்திருக்கா கெட்டிக்காரி என்றாள் இன்னொருத்தி. அது மழையில்லை, நான் குழாய் பிடித்து ஜன்னலில் ஊற்றிய தண்ணீர் என்று எனக்குத்தானே தெரியும்.

அதை எடுத்த அன்றைக்கு நீ பஸ்ஸுக்குள் போனைக் கம்பியில் ரப்பர் பேண்டால் கட்டி, சாப்பாட்டுத் தட்டைச் சீட்டில் சாய்த்து வெயிலை முகத்தில் விழவைத்து, தனியாகவே ஆடினாய். கண்ணாடி ஈரமாக இருந்தால் என் கை சும்மா இருக்காது, பாட்டு நடுவில் துடைத்துவிட்டேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்போதுதான் சூப்பர்வைசர் என்னோடு வேலை செய்கிற இவர்களோடு வந்து யாரும்மா இந்தப் பொண்ணு என்று கேட்டார். எங்க தெருப் பொண்ணு சார், தண்ணி கேட்டு வந்துச்சு என்றேன். பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. நீ இறங்கி வந்து, ரொம்ப தேங்க்ஸ்க்கா என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனாய். வீட்டில் அதைப் பற்றி நீ மூச்சே விடவில்லை. ஊருக்குக் கிளம்பும்போதும் விடவில்லை.

வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று இத்தனை மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். நீ சாயம் பூசி ஆடுவதைப் பார்த்து இவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், எனக்கு அசிங்கமாக இருந்தது. உன்னைப் பார்த்து எனக்கு அசிங்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அதே பெண்கள், உங்க தெருப் பொண்ணுதானேக்கா, பெத்தவ குடுத்து வச்சவ என்றார்கள். நான் டப்பாவைக் கழுவ எழுந்து போனேன். கழுவின டப்பாவையே திரும்பக் கழுவினேன்.

நீ நன்றாக இரு, நினைத்ததெல்லாம் நடக்கட்டும். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்காதே. இந்தக் கடிதம் என் பையில்தான் இருக்கும், அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் தபாலில் போடுவேன். உன் கைக்கு வந்திருந்தால், அது என் மகள் என்று நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு,
உன் அம்மா