ஸ்டோர் வாசலில் மூன்று நீலக் கோடுகள்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. சந்தனமும் துருவும் கலந்த இந்த வாசம் உனக்கு நன்றாகவே தெரியும். இன்று ஆயுத பூஜை. ஸ்டோர் வாசலுக்கு மேலே இருக்கிற இரும்புக் கேடயத்துக்குப் பூசை முடித்துவிட்டு இப்போதுதான் லயத்து வீட்டுக்கு வந்தேன்.

எந்தக் காலத்துத் தோட்டத் துரையோ தன் ஊர்ச் சின்னத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, தேயிலைக் கொழுந்து அரைக்கிற ஸ்டோரின் சுவரில் பதித்துவிட்டுப் போனான். நம் சனங்களுக்கு அது போதாதா? நடுவில் நிற்கிற சிங்கம் மாரியம்மாவின் வாகனமாகிவிட்டது. மேலே இருப்பது கொழுந்துக்கட்டு. கீழே நெளிகிற மூன்று நீலக் கோடுகள் நாகம். வருஷா வருஷம் சந்தனம், குங்குமம், நாகத்துக்குப் பால். உன் அம்மாதான் ஏணியில் ஏறுவாள். கீழே ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நீயும் நானும் ஊர்க்கதை பேசுவோம்.

முதியோர் இல்லத்து வேலைக்கென்று நீ இங்கிலாந்து போனாய். அந்த ஊரின் பெயர் எங்கள் வாயில் நுழையவே இல்லை. போய்ச் சேர்ந்த வாரத்திலேயே போனில் விழுந்து விழுந்து சிரித்தாய்.

"அடியே, நம்ம சாமிய இங்க குப்பைத் தொட்டியில ஒட்டியிருக்காங்கடி!"

நம்பாத என்னிடம் நகரசபை வாசலைக் காட்டினாய். அதே சிங்கம். அர்த்தமெல்லாம் அங்கே பலகையில் எழுதியிருந்ததாம்.

"சிங்கம்னா இந்த ஊரு சனங்க பயப்படாதவங்களாம். அது கொழுந்து இல்ல, கோதும கதிரு. பாம்பும் இல்லடி, ஆறு. வேலைக்குப் போறப்ப தினம் அதத் தாண்டித்தான் போறேன்."

"ரெண்டு பக்கமும் மான் நிக்குதே, அது எதுக்காம்?"

"அதுங்களுக்கு என்ன, கேடயம் விழாம பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுதான் வேல."

உன் அம்மா போனைப் பிடுங்கினாள். "ஆறாவது மண்ணாவது! நாகத்த அப்படிப் பேசாத. உனக்கு முன்னாலயே சாமி அங்க போய் நிக்குது. அது பாத்துக்கும்." அதற்குப் பிறகுதான் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். லயம் முழுக்க இதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

காய்ச்சல் என்றாய். சரியாகிவிடும் என்றாய். அப்புறம் உன் குரல் வரவில்லை, உன்னோடு வேலை செய்த பெண்தான் பேசினாள். உன்னை இங்கே கொண்டுவந்து சேர்க்கவேண்டும், உன் அம்மா கேட்டது அது ஒன்றைத்தான். நானும் உன் தம்பியும் ஹட்டனுக்கும் கொழும்புக்குமாக அலைந்தோம். முடியாது என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள்.

உன்னை எரித்ததைப் போனில்தான் பார்த்தோம். சுடுகாட்டு வாசலிலும் அதே கேடயம். உன் அம்மா போனைப் பார்த்துக் கும்பிட்டாள். "தாயே, எம் புள்ளைய அனுப்பி வச்சிரும்மா." சிக்னல் போய்விடக் கூடாதே என்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு எதுவும் என்னால் முடியவில்லையே, பாவி! சாம்பலை அந்த ஆற்றிலேயே கரைத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

இன்று காலை உன் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது வெறும் இரும்பும்மா. அது என்னத்தப் பாத்துக்கிச்சு? வாங்க வீட்டுக்கு," என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

"தெரியும்டி," என்றாள். "ஏணியப் பிடி."

ஏறினாள். சிங்கத்துக்குப் பொட்டு வைக்கவில்லை. கதிரைத் தொடவில்லை. மூன்று கோடுகளையும் முந்தானையால் துடைத்து, மெதுவாகச் சந்தனம் தடவினாள். நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது நெற்றியில் தைலம் தேய்த்துவிடுவாளே, அப்படி. தடவிக்கொண்டே, திரும்பாமல் என்னைக் கேட்டாள்.

"இந்தத் தண்ணி ரொம்பக் குளிருமாடி?"

ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம், ஒரு பக்கம் நான், மறுபக்கம் உன் தம்பி.