ஒன்பது மில்லிகிராம்

மார்ச் 2
இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமில்லாததையும்.

முதல் உண்மை: அம்மாவுக்கு என்னைவிடத் தன் பொறிமேல்தான் பாசம். அப்பா அதை என் தம்பி என்பார். "தம்பி இன்னிக்குச் சமத்தா இருந்தானா?" என்று கேட்டுவிட்டுத்தான் அம்மாவுக்கு டீ நீட்டுவார்.

தம்பி என் கட்டைவிரல் அளவுதான். விண்வெளியில் செயற்கைக்கோளை மெல்லத் தள்ளும் பொறி. உள்ளே வாயு பிளாஸ்மாவாகி நீலமாகப் பீய்ச்சும். அந்தப் பிளாஸ்மாவே மின்வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். பெயர்தான் வாய், தின்னப்படுவது அதுதான்! ஆய்வுக்கூடத்தில் ஆயிரம் மணி நேரம் எரிந்து தாங்கினால் செயற்கைக்கோளில் ஏற்றுவார்கள். தாங்காவிட்டால் அம்மாவின் ஆறு வருடம் அலமாரிக்குள் போகும்.

மார்ச் 3
இருநூறு மணி நேரத்துக்கு ஒருமுறை மின்வாயைக் கழற்றி நிறுக்கிறார்கள். மூன்று தடவையும் பன்னிரண்டு மில்லிகிராம் குறைந்திருக்கிறது. அறுபது குறைந்தால் ஓட்டை விழுமாம். அப்படியென்றால் சரியாக ஆயிரத்தில்!

மார்ச் 8
எண்ணூறு. இந்தத் தடவை ஒன்பதுதான்! அம்மா வாசலிலேயே என்னைத் தூக்கிச் சுற்றினாள். ஏழாம் வகுப்புப் படிப்பவளை!

மார்ச் 9
சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். "ஏம்மா, இந்தத் தடவை மட்டும் ஏன் கம்மி? ஒன்பதுன்னா நூத்தம்பது மணி நேரக் கணக்குதானே? மீதி அம்பது மணி நேரம் எரியவே இல்லையோ?"

"மின்வாய்தான் தேயுது, உன் வாய் தேயவே மாட்டேங்குதே" என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளிவைத்து எழுந்துவிட்டாள்.

ஏன் கேட்டேன்? சும்மா இருந்திருக்கக் கூடாதா நான்!

மார்ச் 10
எரியவில்லைதான்.

பள்ளி விட்டதும் அம்மாவின் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். பொறியைப் பார்த்துக்கொள்ளும் மீசை மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். இந்த வாரம் திங்கட்கிழமை காலையில் வந்தபோது பொறி அணைந்திருந்ததாம். இப்போதுதான் அணைந்தது என்று நினைத்துப் பற்றவைத்துவிட்டாராம். அது சனிக்கிழமையே அணைந்திருக்கிறது. வாயு உருளையிலும் அந்த அளவுக்கு மிச்சம் இருக்கிறது. மணி காட்டும் கருவி மட்டும், பொறி இருக்கும் கலத்திலிருந்து காற்றை உறிஞ்சும் பம்போடு சேர்ந்து ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

"என் தப்பும்மா" என்றார் அம்மாவிடம்.

"விடுங்கண்ணே. பம்போட சேர்க்கச் சொன்னதே நான்தான்."

மார்ச் 11
செயற்கைக்கோளுக்குப் பொறியைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு அம்மா எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டாள்.

"சொல்லாம விட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் அப்பா.

"மேல போய் அணைஞ்சா யாரு பத்தவைப்பா? நீங்களா?"

அப்பா அம்மாவின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

மார்ச் 12
ஐம்பது மணி நேரம் கூடுதலாக ஓட்டச் சம்மதித்துவிட்டார்கள். மின்வாய் சம்மதிக்க வேண்டுமே.

மார்ச் 16
அம்மா ஒரு சடை பின்னிவிட்டு மறுசடையை மறந்துபோனாள். நான் நினைவுபடுத்தவில்லை. வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும்.

மார்ச் 20
விடுமுறை. அம்மா எங்களையும் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பதினொன்றரை மணிக்கு ஆயிரம் ஆனது. நிஜமான ஆயிரம். எல்லோரும் கருவியையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஆயிரத்து ஒன்று. அணையவில்லை. குழுவிலிருந்து வந்த பெரியவர் அம்மாவிடம் கைகுலுக்கி, "செயற்கைக்கோள்ல இடம் போட்டாச்சு. இனிமே நிறுத்திடலாமே?" என்றார்.

"ஓடட்டும் சார். எது வரைக்கும் தாங்குதுன்னு தெரியணும்."

மீசை மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார். அப்பா அவர் தோளில் கை போட்டார்.

அம்மா என்னைக் கலத்தின் கண்ணாடிச் சன்னலருகே இழுத்தாள். "கேள்வி கேட்டவ நீதானே? நல்லாப் பாரு."

வெளிச்சத்தில் நீலம் சரியாகத் தெரியவில்லை என்றேன். மாமா போய்க் கூடத்து விளக்குகளையெல்லாம் அணைத்தார்.