கொட்டகைக்கு ஓடு போட்ட வருடம்

சௌமிய வருடம், தை 8. பழவேற்காடு.

கூத்துக் கொட்டகையின் பழைய கூரையை இன்று பிரித்தார்கள். உள்ளேயிருந்து நாலைந்து வௌவாலும் ஒரு சாரைப் பாம்பும் புறப்பட்டன. கொட்டகை என்று பெயர்தானே தவிர, மூன்று பக்கமும் செங்கல் சுவர், நடுவில் தேக்குத் தூண்கள். துணி வியாபாரம் செழித்த காலத்தில் செட்டிகள் கட்டியது. சண்டைக் காலத்தில் யார் யாரோ குதிரை கட்டினார்கள். பிறகு ஆடுகள். இப்போது கோட்டைக்கு வந்திருக்கும் புது ஒல்லாந்துத் துரைக்கு ஆசை பிறந்திருக்கிறது. கப்பல் தலைவர்களும் துரைசானிகளும் வசதியாக உட்கார்ந்து பார்க்கும்படி இதை எடுத்துக் கட்ட வேண்டுமாம். "கிடங்குக் கணக்கன் சம்பந்தத்துக்கு அவர்கள் பாஷை தெரியும், வீட்டிலும் வேலை இல்லை" என்று இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வீட்டில் வேலை இல்லை என்பது உண்மைதான். ஐப்பசியில் என் பெண்சாதி காய்ச்சலில் போனபின் அங்கே என்ன இருக்கிறது? காலையில் பூட்டுகிறேன், சாயங்காலம் திறக்கிறேன்.

தை 11

மழை இல்லை. வேலை நடந்தது. மத்தியானம் சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

தை 19

ஏரிக் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பு வந்து சேர்ந்தது. கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைக்கிறார்கள். சுவர் முட்டை ஓடு மாதிரி வழவழப்பாக வரும் என்கிறார் கொத்தனார்.

என் காலில் ஆணி ஏறியிருக்கிறது. புதுத் தளத்தில் சிவப்பாகக் கால்தடங்களைக் கண்டு, "கணக்கப்புள்ளே, யாரு ரத்தம் இது?" என்று அவர் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். என்னுடையது. வலிக்கவில்லை. வலிக்க வேண்டும் அல்லவா? வீட்டுக்கு வந்து அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன். வேறு யாருடைய காலையோ தொட்டது போலத்தான் இருந்தது.

மாசி 2

துளசிங்கம் வந்தான். கடலோரக் குப்பத்துக்காரன். மற்ற நாளெல்லாம் வலை, அம்மன் திருவிழாவில் ராணி வேஷம். மீசையை எடுக்க மாட்டான். ஆனாலும் விடிவதற்குள் ஊரே அவனை ராணி என்று நம்பிவிடும்.

தளத்தைக் காலால் தட்டிப் பார்த்தான். "இன்னா கணக்கப்புள்ளே, மணலை அள்ளிட்டு செங்கல்லு போட்டுட்டே? சனம் எங்க குந்தும்?"

"நாக்காலி வருது."

"அல்லாருக்குமா?"

துரைமார்களுக்கு என்றேன். அவர்களுக்குப் பின்னால் விசுப்பலகை, பெரிய மனிதர்களுக்கு. அதற்கும் பின்னால் நிற்கலாம்.

"விடியற வரைக்கும் நின்னுக்கினேவா?" என்றான். நான் ஓடு போடாத கூரையைப் பார்த்தேன்.

மாசி 14

துரையின் உத்தரவு. விடிய விடிய ஆடக் கூடாது. பொழுது சாயும்போது ஆரம்பித்து, கோட்டையில் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும். சண்டை இருக்கலாம், கோமாளி இருக்கலாம், கிரீடம் கட்டாயம் இருக்க வேண்டும். கடைசியில் வரும் அழுகை வேண்டாம், அது ரொம்ப நீளம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் போனதும் நான் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ள வேண்டும். நாற்காலியும் கண்ணாடி லாந்தர்களும் சீமைச் சரக்கு. ஏதாவது ஆனால் என் வேலை போய்விடும்.

சரி என்றேன். இப்போதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் சிரமமில்லாமல் வருகிறது.

மாசி 27

சுண்ணாம்புக்குளத்திலிருந்து அத்தை பொன்னியம்மாள் படகில் வந்து இறங்கினாள். என் பெண்சாதியைப் பெற்றவள். வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் நின்றே பேசினாள். மருமகன் எதிரில் வந்து நிற்பது முறையில்லையாம்.

"மாப்ளே, இந்தத் தபா கூத்துல என் குணசுந்தரி பேரு வரும்ல?"

கூத்தில் செத்த ராஜாவுக்காக ராணி விடியற்காலையில் அழுவாள். அந்த அழுகையோடு, அந்த வருடம் ஊரில் செத்தவர்களின் பெயர்களையும் சேர்த்து அழுவது இந்தப் பக்கத்து வழக்கம். துக்க வீட்டார் முன்னால் உட்கார வேண்டும். வீட்டு ஆண்பிள்ளை எழுந்து பெயரைச் சொன்னால், ராணி அதை வாங்கி அழுவாள். அப்படி அழப்படாத உயிர் கரை ஏறாமல் ஏரியோரத்திலேயே நிற்கும் என்பார்கள். அத்தை வந்திருப்பது அதற்காகத்தான். வேறு எதற்கு வருவாள்?

"வரும் அத்தே" என்றேன்.

அழுகையே கிடையாது, அத்தே. இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? வாய் வரவில்லை. வருத்தமும் வரவில்லை. படுத்துவிட்டேன்.

பங்குனி 5

ஓடு போட்டு முடிந்தது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். துளசிங்கம் நடுவில் நின்று கை தட்டினான். சத்தம் புதுச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. "கொட்டாய் பேசுதுய்யா!" என்று குழந்தை மாதிரி இன்னொரு தரம் தட்டினான்.

அழுகையை நிறுத்திவிட்டார்கள் என்று அப்போதுதான் சொன்னேன். கையைக் கீழே போட்டான். "உங்க ஊட்டம்மா பேரு?"

"அதான்" என்றேன்.

நாற்காலி ஒன்றைக் காலால் தள்ளிப் பார்த்தான். பிறகு, "துரை பாடு முடிஞ்சா நம்ம பாடு" என்றான்.

ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று இவர்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. ஒருவன் பாடு முடிந்தால் அடுத்தவன் இறங்குவான். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"சாவி யாராண்ட கீது?"

"எங்கிட்ட."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். நான் முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, இது புதிது.

பங்குனி 12

அத்தை தன் மகளுடைய சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். நீலம்.

பங்குனி 18

நேற்று கூத்து நடந்தது.

துரைமார் வந்தார்கள், துரைசானிகள் விசிறிக்கொண்டார்கள். ராணியின் மீசையைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு கப்பல் தலைவர் சண்டை நடக்கும்போதே குறட்டை விட்டார். சாப்பாட்டு மணி அடித்தது. எழுந்து போனார்கள். பூட்டும் கையுமாக வாசலுக்கு வந்தேன். வெளியே பாயும் குழந்தையுமாக இரண்டு குப்பத்துச் சனம். கூட்டத்தின் ஓரத்தில் அத்தை, அந்த நீலச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு.

நான் பூட்டவில்லை. யோசித்துச் செய்தேன் என்று எழுதினால் பொய்.

நாற்காலிக்கும் பாடு உண்டு என்று பானையில் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். சீட்டு விழுந்தவர்கள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகத் தரைக்கு இறங்கிவிட்டார்கள். "குந்தனா மாதிரியே இல்லே" என்றான் ஒருவன். முன்வரிசை நாற்காலிகளை நகர்த்தித் துக்க வீட்டாருக்குப் பாய் விரித்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.

விடியும் நேரத்தில் ராணி அழ ஆரம்பித்தாள். ஒருவர் எழுந்து மகன் பெயரைச் சொன்னார். ஒருவன் தாயின் பெயரை. பிறகு என் முறை. எழுந்தேன். வாயைத் திறந்தேன். "இந்தா" என்று வந்தது.

நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எந்த ஆண்பிள்ளை கூப்பிடுகிறான்? இந்தா என்பேன், வருவாள். துளசிங்கம் வேஷத்தில் இருந்தான், கொடுத்ததை வாங்கிக்கொண்டான். "இந்தா... எந் தாயே இந்தா... எங்க போனே இந்தா" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். பெண்கள் சேர்ந்து அழுதார்கள். சுவரும் இந்தா இந்தா என்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மரம் மாதிரி நின்றேன்.

பின்னாலிருந்து நாற்காலி உருளும் சத்தம். இத்தனை வருடம் கதவுக்குப் பின்னால் நின்ற அத்தை என் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். "பேரச் சொல்லுய்யா! எம் பொண்ணுக்குப் பேரு கெடயாதா? உசுரோட இருக்கசொல்லத்தான் இந்தான்னே, நொந்தான்னே. இப்பவாச்சும் சொல்லுய்யா!"

"குணசுந்தரி."

"கேக்கலே!"

கத்தினேன். கத்தினது நான்தானா? சுவரில் பட்டு அந்தப் பெயர் திரும்பி வந்தது. யாரோ அவளை வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் திரும்பியே பார்த்துவிட்டேன். துளசிங்கம் அதை வாங்கி முதலிலிருந்து அழுதான். அத்தை தரையில் சரிந்து, சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

எனக்குக் கண்ணீர் வரவில்லை. வயிற்றை ஏதோ பிசைந்தது. என்ன என்று விளங்கவே நேரமாயிற்று. பசி.

பங்குனி 19

துரை கூப்பிட்டனுப்பினார். லாந்தர் ஒன்றில் விரிசல், நாற்காலியெல்லாம் மணல். கோட்டைவரை அழுகை கேட்டதாம். "யார் செத்தது?" என்றார்.

"என் பெண்சாதி."

"நேற்றா?"

"ஐப்பசியில்."

மேஜையில் இருந்த எதையோ இடம் மாற்றி வைத்தார். அடுத்த முறை நாற்காலிகளை முதலில் வெளியே எடுத்து வை என்றார். அடுத்த முறை என்றாரே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

சாதாரண வருடம், சித்திரை 3

ஒரு வருடத்துக்குச் சாதாரண என்று பெயர் வைத்தவன் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும்.

அத்தை இன்னும் ஊருக்குப் போகவில்லை. கதவுக்குப் பின்னாலும் போகவில்லை. இன்று இறால் குழம்பு வைத்து எதிரில் உட்கார்ந்து பரிமாறினாள்.

"குணசுந்தரி வெச்சா இன்னும் புளிப்பா இருக்கும்" என்றேன்.

"அவளுக்குப் புளி அளவு எங்க தெரிஞ்சிது? எத்தினி தபா சொல்லிக் குடுத்திருப்பேன், கேட்டாளா?"

"எனக்கு அதான் வேணும் அத்தே."

அவள் எழுந்து போனாள். புளியைக் கரைத்துக்கொண்டு வந்து என் சோற்றில் ஊற்றினாள். அழுதுகொண்டே சாப்பிட்டேன். நன்றாகப் புளித்தது.