கல்லைத் தொட்ட அன்னம்

ஐப்பசி பௌர்ணமி, இரவு.

தெருக்கோடி சிவன் கோயிலில் இன்று அன்னாபிஷேகம். லிங்கம் முழுக்கச் சோறு சாத்தியிருந்தார்கள்.

"அன்னம்னா என்னம்மா அர்த்தம்?" என்றாள் மகள்.

உண்பது என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து வந்த சொல், உண்ணப்படுவது அன்னம், உயிர்களை உண்பதும் அன்னம்தான் என்பார்கள் என்றேன்.

"சோறு எப்படிம்மா சாப்பிடும்?" என்று சிரித்தாள்.

கல்லைத் தொட்ட சோறு குளத்து மீனுக்கு. மேலாக இருப்பதுதான் நமக்கு. பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த கிரிவலக் கூட்டத்தின் நெரிசலில் வீட்டுக்காரர் குளத்துக்கு வைத்திருந்த பாத்திரத்தை மாற்றி எடுத்து வந்துவிட்டார். பூசாரி தேடி வருவதற்குள் மகள் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

"கொழந்ததானே, ஒண்ணும் ஆவாதுங்க" என்றார் பூசாரி. அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

இப்போது தூக்கத்தில் மென்றுகொண்டிருக்கிறாள். விரலை விட்டுப் பார்த்தேன், வாயில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் இருந்ததைவிடக் கன்னம் ஒட்டியிருக்கிறது.