ஒன்றாம் காலும் மூன்றாம் காலும்

அன்பு மகள் அணிலுக்கு,

நானும் அம்மாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும் என்பதை இந்த முறை என் கையாலேயே எழுதுகிறேன். இதுவரை நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதினாள், நான் பத்து சொன்னால் இரண்டு எழுதிவிட்டு மிச்சமெல்லாம் அவளுக்கே தெரியும் என்பாள். நான்கு மாதமாக மாலை வகுப்புக்குப் போகிறேன். இந்த வரிக்கு வந்து சேர ஒரு காலைப்பொழுது ஆயிற்று, ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை. மேசை கட்டிக் கிடப்பதால் மடியில் பலகை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் பலகையைச் சொல், என்னைச் சொல்லாதே.

நீ கேட்ட உன் படிப்பு மேசைதான், பிரித்துக் கட்டிவிட்டேன், வெள்ளிக்கிழமை லாரியில் ஏறுகிறது. அங்கே நீதான் பூட்ட வேண்டும், நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், கவனமாகப் படி. அதில் ஓர் ஆணிகூடக் கிடையாது. சட்டத்தின் முனையில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது கழுந்து, காலில் அது போய் உட்காரும் குழி துளை. ஒவ்வொரு கழுந்தும் அதனதன் துளைக்கென்றே செதுக்கியது, இடம் மாறினால் உள்ளே போகும், ஆனால் இறுகாது. முரண்டு பிடித்தால் சுத்தியலால் ஓங்கி அடிக்காதே, கழுந்து பிளந்தால் அப்புறம் விறகுதான், ஒரு கட்டையை வைத்து மெல்லத் தட்டு. மேல் பலகையில் கருத்திருப்பது வைரம், அதற்கு ஒன்றும் ஆகாது, ஓரத்தில் வெளுத்திருப்பது வெளிறு, பூச்சி அங்கேதான் வரும். நடுவிலிருக்கும் கணுவை உனக்குத் தெரியும், மரத்தில் கிளை கிளம்பிய இடம் அது, நீ அதற்குப் பேனாவால் மீசை வரைந்து வாத்தியார் என்று பேர் வைத்தாய். மீசை இன்னும் இருக்கிறது.

பிரிக்கும்போதுதான் ஒன்று தெரிந்தது. எழுத்து தெரியாத காலத்தில் உளியால் கீறல் போட்டுத்தான் கால்களுக்கு எண் வைத்தேன், சட்டத்திலும் அதே கீறல். நீ பள்ளிக்கூடம் சேருவதற்குள் முடிக்கிற அவசரத்தில் அம்மா எடுத்துக் கொடுக்க, கீறலைப் பார்க்காமல் பூட்டிவிட்டேன். எதிர் மூலைக் கால்கள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஒன்றாம் கால் இடத்தில் மூன்றாம் கால் முப்பது வருடமாக நின்றிருக்கிறது! மேசை ஆடியது அதனால்தான், தரையால் இல்லை. தரை போட்ட கொத்தனாரை எத்தனை திட்டியிருப்பேன், போன வாரம் அவரைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன், எதற்கென்று சொல்லவில்லை. அம்மாவிடம் நீ எடுத்துக் கொடுத்ததுதானே என்றேன், அதற்கு அவள், எடுத்துக் குடுத்தது நான், தட்டி எறக்குனது யாரு என்று கேட்டாள்.

கட்டுவதற்கு முன் சரியான இடத்தில் பூட்டிப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது. சந்தோஷந்தான், ஆனால் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நீ எழுத எழுத அது டக் டக் என்று தட்டும், சத்தம் நின்றால் மறுபடியும் ஜன்னல்ல நிக்கிறியா என்று அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள். எனக்கு அப்போது படிக்கத் தெரியாது, ஆனால் நீ எழுதுவது வாசல் வரைக்கும் கேட்கும்.

கீறலுக்குப் பக்கத்தில் இப்போது ஒன்று, இரண்டு என்று எழுத்தாலேயே எழுதியிருக்கிறேன், அதன்படி பூட்டினால் ஆடாது. பேத்தி எழுதுவது உனக்குக் கேட்க வேண்டுமென்றால் ஒன்றையும் மூன்றையும் மாற்றிப் பூட்டிக்கொள்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருங்கள். வெளிறில் எண்ணெய் தடவ மறக்காதே. பதிலை எழுதியே அனுப்பு, எழுத்தைப் பெரிதாகப் போடு, படிக்கப்போவது நான்.

இப்படிக்கு,
அம்மா திருத்தாத,
உன் அப்பா